எழுதி ஜெயித்த தி.நகர்

காலையில் பேப்பர் பிரித்ததும் நீங்கள் நிச்சயமாகத் தாண்டிப் போகும் பக்கம் ஒன்று உண்டு. கட்டம் கட்டி, பொடி எழுத்தில், 'ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு' என்று ஆரம்பித்து 'செயற்பொறியாளர்' என்று முடியும். இரங்கல் விளம்பரத்தில்கூட ஒரு நிமிஷம் நின்று, போனவருக்கு வயசு என்ன என்று பார்க்கிறோம். இதை யாரும் பார்ப்பதில்லை. நாட்டில் எழுதப்படும் உரைநடையில் அதிகமாகப் பணம் புரள்வது இந்த வகையில்தான். நாவலுக்கும் சினிமாவுக்கும் விமரிசனம் எழுதுகிறவர்கள் எப்போதாவது இதற்கும் ஒன்று எழுதலாம் என்பது என் கட்சி.

முதலில் அந்த வார்த்தை. ஒப்பந்தப்புள்ளி. பேச்சுத் தமிழில் புள்ளி என்றால் ஆள், அதிலும் கொஞ்சம் பசையுள்ள ஆள். 'பெரும்புள்ளி கைது' என்று மாலைப் பேப்பரில் வருமே, அந்தப் புள்ளி. டெண்டருக்குத் தமிழ் கண்டுபிடித்த புண்ணியவான் இதை நினைத்துச் செய்திருக்க மாட்டார். பொருத்தமாக அமைந்துவிட்டது.

அப்புறம் நடை. கோரப்படுகின்றன, பெறப்படும், திறக்கப்படும், நிராகரிக்கப்படும். ஒரு பக்கம் முழுக்கப் படித்தாலும் எழுவாய் கிடைக்காது. யார் கோருகிறார், யார் திறக்கிறார், யார் நிராகரிக்கிறார்? எல்லாம் தானாக நடக்கிறது, மழை பெய்வது மாதிரி. கடைசியில், காரணம் எதுவும் சொல்லாமல் எந்த ஒப்பந்தப்புள்ளியையும் அல்லது எல்லாவற்றையும் நிராகரிக்க உரிமை உண்டு என்ற அந்தப் புகழ்பெற்ற வரி. பெண் பார்க்க வருகிற பிள்ளை வீட்டார் மனசுக்குள் வைத்திருப்பதை இவர்கள் பிரிண்ட் போட்டே கொடுத்துவிடுகிறார்கள்.

'கான்ட்ராக்ட் ஜெயிப்பது எப்படி' என்று இங்கிலீஷில் தடித்தடியாகப் புத்தகங்கள் கிடைக்கின்றன. தெளிவாக எழுது, கேட்பவனின் பிரச்னையைப் புரிந்துகொண்டு எழுது, முதல் பக்கத்திலேயே அவனைக் கவர்ந்துவிடு என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்காவில் இப்படி எழுதித் தருவது தனித் தொழில், சங்கமே வைத்திருக்கிறார்கள். மாநகராட்சி வேலைகள் எடுத்துச் செய்யும் தி.நகர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"டெண்டர்ல நாம எழுதறதுக்கு என்ன சார் இருக்கு? எழுதறது பூரா அவங்க. நாம ஒரு நம்பர் போடறோம். அவ்வளவுதான்."

அவர் சொல்வது ரோடு, வாய்க்கால், கட்டட வேலைகளுக்கு முழு உண்மை. ஜல்லி இன்ன விலை, கொத்தனார் கூலி இன்ன விலை என்று பொதுப்பணித் துறை வருஷாவருஷம் விலைப் பட்டியல் போடுகிறது. அதை வைத்து எஸ்டிமேட். அதற்கு எத்தனை சதவிகிதம் கீழே போகிறீர்கள் என்பதுதான் போட்டி. தகுதிக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர். முதல் கவரில் பாஸானவர்களின் இரண்டாவது கவரைப் பிரித்து, குறைந்த விலை சொன்னவருக்கு மாலை. எல்-1 என்பார்கள். ராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, 'இதில் உள்ள ஒவ்வொரு பாகமும் குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவன் செய்தது என்று நினைத்தேன்' என்று விண்வெளி வீரர் பதில் சொன்னதாக ஒரு பழைய ஜோக் உண்டு. மாநகராட்சி மழைநீர் வடிகால் பக்கத்தில் நின்றுகொண்டு நாமும் நினைக்கலாம்.

ஆகவே இந்த இலக்கியத்தில் கதையெல்லாம் டெண்டர் போடுகிறவர் எழுதுவதில் இல்லை. டெண்டர் கேட்கிறவர் எழுதும் 'தகுதிகள்' என்ற அத்தியாயத்தில் இருக்கிறது. கடந்த சில வருஷங்களில் இவ்வளவு கோடிக்கு இதே மாதிரி வேலை ஒன்றாவது முடித்திருக்க வேண்டும். இவ்வளவு டர்ன் ஓவர் இருக்க வேண்டும். தார் கலவை பிளான்ட் வேலை நடக்கும் இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் பாருங்கள். தார்க் கலவை சூடு ஆறுவதற்குள் ரோட்டுக்கு வந்து சேர வேண்டும், அதனால் தூரத்துக்கு ஒரு வரம்பு வைப்பது எஞ்சினீயரிங். ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒரே ஒருவரிடம்தான் பிளான்ட் இருக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால், அதே வரி வேறு காரியம் செய்கிறது. இரண்டுக்கும் எழுத்தில் ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. விமரிசகனுக்கு இதைவிடக் கஷ்டமான பிரதி இல்லை.

தகுதி எழுதுவதில் நாம் புதுசு அல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு, 921-ம் வருஷம், முதலாம் பராந்தகன் காலம். குடவோலையில் பெயர் எழுதிப் போட யாருக்குத் தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயசு 35-லிருந்து 70-க்குள். போன தடவை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனுக்கு மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்களுக்கும் இல்லை. எந்தெந்த உறவு என்று சித்தி மகன், மாமன் என்று நீளமாகப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். மச்சினன் பெயரில் கம்பெனி ஆரம்பிப்பான் என்று ஆயிரத்து நூறு வருஷம் முன்பே தெரிந்திருக்கிறது.

ஒரு தகுதி வாக்கியத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று நம் சுப்ரீம் கோர்ட்டே விமரிசனம் எழுதியிருக்கிறது. 1979, ரமணா தயாராம் ஷெட்டி கேஸ். பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு ஸ்நாக் பாரும் நடத்த 1977 ஜனவரியில் டெண்டர் கேட்டார்கள். பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரராகவும், குறைந்தது 5 வருஷ அனுபவம் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆறு பேர் போட்டார்கள். மாசம் 6,666 ரூபாய் 66 பைசா தருகிறேன் என்றவருக்குக் கிடைத்தது. அவர் கேன்டீன் நடத்தியவர். பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம், ஆனால் இரண்டாம் வகுப்பு ஹோட்டல் எதுவும் நடத்தவில்லை. சமையல் தெரிந்தவர்தானே, அந்த வாசகத்தை ரொம்பக் கறாராகப் பார்க்க வேண்டாமே என்று விமான நிலைய ஆணையம் வாதாடியது.

டெண்டரே போடாத ஷெட்டி கோர்ட்டுக்குப் போனார். 'இந்த நிபந்தனையை நிஜமென்று நம்பித்தான் நான் போடவில்லை. தளர்த்துவீர்கள் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே' என்பது அவர் வாதம். எவ்வளவு அழகான வாதம் பாருங்கள். வந்தவர்களுக்கு நடந்த அநியாயம் பற்றிய பேச்சே இல்லை. வாசலில் போர்டைப் படித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனவனுக்கு நடந்த அநியாயம். நீதிபதி பகவதி ஒப்புக்கொண்டார். அரசாங்கம் எழுதி வைத்த அளவுகோலுக்கு அரசாங்கமே கட்டுப்பட்டது என்றார். அதன்பின் வந்த டெண்டர் வழக்குகள் எத்தனையோ இந்தத் தீர்ப்பில் கால் வைத்துத்தான் நிற்கின்றன. ஷெட்டிக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. ஐந்து மாசத்துக்கு மேல் தாமதமாக வந்தீர், அதற்குள் டெண்டர் எடுத்தவர் செலவு செய்து கடை போட்டுவிட்டார், தவிர நீர் இன்னொருவருக்காக வந்தவர் போலத் தெரிகிறது என்று அனுப்பிவிட்டார்கள். வியாக்கியானம் ஜெயித்தது, வழக்குத் தோற்றது.

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-ல் இயற்றி, 2000 அக்டோபரிலிருந்து அமல். பல மாநிலங்களுக்கு முன்னாலேயே நாம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. 2 கோடி வரைக்கும் உள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது விதி. அவசரமென்றால் மேலதிகாரி காரணம் எழுதிக் குறைக்கலாம். சட்டத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அது கவரைப் பிரிப்பதிலிருந்து பார்க்கிறது. கவர் ஒட்டுவதற்கு முன்பு போட்டியாளர்கள் எங்கே உட்கார்ந்து காபி குடித்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. இந்திய உணவுக் கழகம் 2009-ல் தானியக் கிடங்குப் பூச்சி மாத்திரைக்கு டெண்டர் கேட்டபோது மூன்று கம்பெனிகள் ஒரே விலை சொல்லின. கிலோ 388 ரூபாய். ஒரு ரூபாய் கூட இல்லை, குறைய இல்லை. மார்க்கெட்டே சின்னது, எல்லோருக்கும் எல்லார் விலையும் தெரியும் என்று சமாதானம் சொன்னார்கள். 2017-ல் சுப்ரீம் கோர்ட் நம்பவில்லை. ஆனால் அபராதத்தை அந்த ஒரு மாத்திரையின் வியாபாரத்துக்கு மட்டும் கணக்குப் பண்ணச் சொல்லிக் குறைத்துவிட்டது.

(டைரி எழுதிய சாமுவேல் பெப்பிஸ் இங்கிலாந்துக் கடற்படை ஆபீசில் வேலை பார்த்தவர். அப்போது கப்பல் ஏலத்தில் ஒரு இஞ்ச் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்குக் கப்பல். 1662-ல் ஒருத்தர் மட்டும் சரியாகக் கடைசி நொடியில் கேட்கிறாரே என்று விசாரித்தார். அணையப் போகும்போது புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்பேன் என்றாராம். டெண்டர் ஜெயிப்பது பற்றி இதுவரை நான் படித்ததில் நேர்மையான டிப்ஸ் இது ஒன்றுதான்.)

சரி, எழுத்தின் பலத்தால் மட்டுமே ஜெயித்த கேஸ் எதுவும் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அதுவும் நம்ம தி.நகரில்.

2015 ஜூனில் மத்திய அரசு 100 ஸ்மார்ட் சிட்டி என்று அறிவித்தது. பணத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்காமல் ஊர்களுக்குள் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் ஒரு திட்ட மனு எழுத வேண்டும். கேள்வித்தாள் மாதிரி படிவம், ஒவ்வொரு பதிலுக்கும் இத்தனை வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிஷன். மனு எழுதும் செலவுக்கே ஊருக்கு 2 கோடி ரூபாய். தமிழில் எழுதுகிற எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. கன்சல்டன்ட் கம்பெனிகள் களத்தில் இறங்கின. ஜெயித்தால் மத்திய அரசிடமிருந்து ஐந்து வருஷத்தில் 500 கோடி, மாநிலம் அதே அளவு போட வேண்டும். 97 ஊர்கள் எழுதின. மார்க் 100-க்கு: ஊர் மொத்தத்தின் நிலைமைக்கு 30, ஊர் முழுக்கச் செய்யும் திட்டத்துக்கு 15, ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் எடுத்து மேம்படுத்துவதற்கு 55.

அந்த 55-ல்தான் சூட்சுமம். எந்தப் பேட்டையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே பாதிக்கு மேல் மார்க் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள இடத்தைச் சீர்படுத்துவதாக இருந்தால் 500 ஏக்கருக்கு மேல் வேண்டும். சென்னை எதை எடுத்திருக்கலாம்? வடசென்னையில் எத்தனையோ இடம். குடிதண்ணீர், சாக்கடை, புகை என்று நியாயமான காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. சென்னை எடுத்தது தி.நகர். பாண்டி பஜார், பனகல் பார்க், உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு. நாடு முழுக்கத் தெரிந்த பெயர், கூட்டம், பட்டு, தங்கம். மனு எழுதத் தெரிந்தவர் செய்த தேர்வு. வக்கீல்கள் பளிச்சென்று பேசுகிற சாட்சியைத்தான் கூண்டில் முதலில் ஏற்றுவார்கள், அடிபட்டவனை அல்ல.

2016 ஜனவரி 28-ம் தேதி ரிசல்ட். முதல் 20 ஊர்களில் சென்னை பதினெட்டாவது. கோயம்புத்தூர் பதிமூன்று. பதினெட்டு என்றாலும் பாஸ் பாஸ்தான். தேதியை இன்னொரு தடவை பாருங்கள். இதற்கு இரண்டு மாசம்கூட முன்னால் இல்லை, 2015 டிசம்பர் முதல் வாரத்தில்தான் இந்த ஊர் தண்ணீருக்குள் இருந்தது. அடையாறு கரை தாண்டி வந்தது. சாமான்களை மாடியில் ஏற்றிவிட்டுப் பால் பாக்கெட்டுக்கு நின்ற ஞாபகம் இருக்கிறதா?

இந்த மாதிரி மனுக்கள் சிலவற்றைப் புரட்டினேன். எல்லாம் ஒரே டியூஷன் வாத்தியாரிடம் படித்த பிள்ளைகளின் விடைத்தாள் மாதிரி இருக்கின்றன. பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம். படத்தில் மரம், சைக்கிளில் போகும் பெண், பலூன் வைத்த குழந்தை. பலவீனத்தைச் சொல்ல இடம் உண்டு, ஆனால் உடனே அடுத்த வரியில் அதற்கு ஒரு பரிகாரமும், பரிகாரத்துக்கு ஒரு பட்ஜெட்டும் வந்தாக வேண்டும். பரிகாரம் இல்லாத உண்மைகளுக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

தி.நகர் பற்றிய அப்படியொரு உண்மை, அது ஏரி. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் இந்த நகரை உண்டாக்கி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. தண்ணீருக்கு மட்டும் விலாசம் ஞாபகம் இருக்கிறது. அது வெளியே போக உள்ள வழி மாம்பலம் கால்வாய், அடையாற்றில் போய்ச் சேர வேண்டும்.

2021 நவம்பரில் என்ன ஆயிற்று? மனுவில் ஜெயித்த தி.நகரில் முட்டிக்கு மேல் தண்ணீர். ஸ்மார்ட் சிட்டியில் செய்யத் தொடங்கிய கால்வாய் வேலையின் கழிவும் மண்ணுமே தண்ணீரை மறித்தன என்று அப்போது பேச்சு எழுந்தது. ஸ்மார்ட் சிட்டிப் பணம் எங்கே போயிற்று என்று கேள்வி வந்து, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரை விசாரிக்கச் சொன்னார்கள். 2023 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். விசாரணை என்றால் டெண்டர், பில், அளவுப் புத்தகம் இவற்றைப் புரட்டுவார்கள். சரிதான். ஆனால் கால்வாயில் மண் கொட்டிய கான்ட்ராக்டருக்கு முன்னால், ஏரிமேல் உள்ள ஊருக்கு எழுதிய மனு ஜெயிப்பதற்கு எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று வரிசைப்படுத்திய பேனா ஒன்று இருக்கிறதே. அதன்மேல் எந்த விசாரணையும் போக முடியாது. அது எந்த விதியையும் மீறவில்லை, கேட்ட கேள்விக்கு வார்த்தைக் கணக்குக்குள் பதில் எழுதியது.

எல்லாமே பொய் என்று சொல்ல வரவில்லை. பாண்டி பஜார் நடைபாதை, 2019 நவம்பர் 13-ல் திறந்தது, சுமார் 40 கோடி. நல்ல காரியம். அறுபது வயசு அம்மாள் ஒருத்தர் கையில் குடையோடு யார் மேலும் இடிக்காமல், பள்ளம் பார்க்காமல் நடந்து போவதை இந்த ஊரில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 2023 மே மாசம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாதை, 570 மீட்டர், 28 கோடியே 45 லட்சம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இறங்காமலே மின்சார ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போகலாம். பையும் குழந்தையுமாகப் போனவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. இரண்டுமே மனுவுக்கு ஏற்ற சரக்கு என்பதையும் கவனியுங்கள். திறப்பு விழா வைக்கலாம், போட்டோ எடுக்கலாம், ரிப்பன் கட்ட இடம் உண்டு. பூமிக்கடியில் போகிற குழாய்க்கு ரிப்பன் கட்ட முடியாது.

நடைபாதையிலும் ஒரு விடுபட்ட வரி உண்டு. பாண்டி பஜாரின் பிளாட்பாரக் கடைக்காரர்களை 2013-லேயே பக்கத்தில் கட்டடத்துக்குள் அனுப்பியாயிற்று. ஹேர்பின், கர்ச்சீப், கவரிங் வளையல் எல்லாம் படியேறிப் போய் வாங்க வேண்டிய சாமானாகிவிட்டது. ஹேர்பின்னுக்காக யார் படியேறுவார்கள்? நடக்க நல்ல அகலமான இடம் வந்தபோது, அந்த இடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் அங்கே இல்லை. மிச்சமிருந்த இடத்தில் பைக் ஏறி நிற்கிறது.

நம்ம கான்ட்ராக்டரிடம் இந்த மனுவைப் பற்றியும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க டெண்டர்னா அஞ்சு வருஷத்துக்குள்ள வேலையில குறை தெரிஞ்சா டெபாசிட்டைப் புடிச்சுக்குவாங்க சார். இந்த மனு எழுதினவங்க எவ்வளவு டெபாசிட் கட்டினாங்க?"

ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2025 மார்ச் 31-ம் தேதியோடு முடிந்துவிட்டது. எழுதும்போது 30, 15, 55 என்று பிரித்துப் பிரித்து மார்க் போட்டவர்கள், கட்டி முடித்த தி.நகரை அதே கேள்வித்தாளை வைத்துக்கொண்டு திருத்த வரவில்லை. நீங்கள் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் போவது உத்தமம். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா என்று பார்த்து, 55-க்கு எவ்வளவு என்று நீங்களே போட்டு எழுதி அனுப்புங்கள். இரண்டு கோடி தர முடியாது. பிரசுரிப்பேன்.